பெட்டகத்தில் கிடைத்த கல்யாணக் கணக்கேடும் ஒரு வீணை வரியும் (கூடவே டெல்லி அகாடமி பற்றி ஒரு கேள்வி)

வளவுவாசி | சனி, இரவு 9.40

எங்கள் பூர்வீக வீடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில். இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. பங்காளிகள் பதினோரு பேர். மராமத்துக்கு எல்லோரையும் சம்மதிக்க வைக்கவே ஒன்றரை வருஷம் ஆனது. அது தனிக்கதை. போன வாரம் சாமான் அறையைக் காலி செய்தபோது பெட்டகத்தின் அடித்தட்டில் சிவப்புத் துணி சுற்றிய ஏடு ஒன்று கிடைத்தது. என் ஐயாவின் கல்யாணச் செலவுக் கணக்கு. (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் அப்பச்சி என்றால் தகப்பனார், ஐயா என்றால் அப்பச்சியின் அப்பா.)

நம் செட்டிநாட்டு ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. வாழையிலை எத்தனை கட்டு, பந்தல்காரருக்கு வெற்றிலை எத்தனை கவுளி என்பதில் தொடங்கி, "செம்பு ஒன்று காணோம்" என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாயனத்துக்கும் தவிலுக்கும் தனி வரி. அதற்கு அடுத்த வரியில்தான் என் கண் நின்றது: "காரைக்குடி வீணை வகைக்கு". பக்கத்தில் தமிழ் எண்ணில் ௱௨௰௫. பக்கத்தின் தலையில் "பிரஜோற்பத்தி ஆவணி" என்று இருக்கிறது.

இதை இங்கே போட இரண்டு காரணம். என் அப்பத்தா கடைசிவரை, "எங்க கல்யாணத்துக்குக் காரைக்குடி வீணைக்காரக வந்தாக" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை, நான் உள்பட. இன்னொன்று, என் மகளுக்குப் பதினாறு வயது, ஐந்து வருஷமாக வீணை கற்கிறாள். சொல்லிக்கொடுத்த டீச்சர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டதால் இப்போது போனில்தான் பாடம். டெல்லியில் சங்கீத நாடக அகாடமி இருக்கிறதே, தேசிய அகாடமி, அவர்கள் இந்த வயசுப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்கிறார்களா? அவர்கள் வலைத்தளத்தில் எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் விருதுப் பட்டியல்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஏட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

பேரேட்டுப்புலி | சனி, இரவு 10.25

அண்ணே, ௱௨௰௫ என்றால் நூற்று இருபத்தைந்து. ௱ நூறு, ௨௰ இரண்டு பத்து, ௫ ஐந்து. பழைய கணக்கில் பூஜ்யம் போட்டு இடம் நிரப்புகிற வழக்கம் கிடையாது. பிரஜோற்பத்தி அறுபது வருஷச் சுற்றில் ஐந்தாவது. கடைசியாக 1991இல் வந்தது, அதற்கு முன் 1931இல். ஆவணி என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். பர்மாவில் நெல் விலை விழுந்து, அங்கே வட்டிக்குக் கொடுத்திருந்த நம் ஆட்கள் தலையில் கை வைத்திருந்த வருஷம் அது. அதிலும் கல்யாணச் செலவில் குறை வைக்கவில்லை பாருங்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு அது வீணை மாதிரி தெரியவில்லை, "வாண வகைக்கு" என்றுதான் படிக்க வருகிறது. வாணவேடிக்கை. அந்த எழுத்துக்கு மேலேயே கரையான் ஓட்டை போட்டிருக்கிறது. அந்தக் காலக் கணக்குப்பிள்ளைகள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதே அபூர்வம், 'வா'வின் காலும் 'வீ'யின் விலங்கும் ஒரே இழுப்பில் போய்விடும். 125 ரூபாய் வாணத்துக்குச் சரியான தொகை.

குறுக்குக்கேள்வி | சனி, இரவு 10.31

ஹா ஹா. அப்பத்தா கேட்டது வீணையா வெடியா?

திருக்கோகர்ணத்துக்காரி | சனி, இரவு 11.50

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். அப்பத்தா சொன்னது நடக்கக் கூடியதுதான். ஆனால் "காரைக்குடி வீணை" என்றதும் உங்கள் ஊர்ச் சொத்தாக எழுதிக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் இருவரும் பிறந்தது எங்கள் திருக்கோகர்ணத்தில், புதுக்கோட்டை. தலைமுறை தலைமுறையாக வீணை வாசித்த குடும்பம். காரைக்குடிக்குக் குடிபெயர்ந்த பிறகு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது, காரைக்குடி சகோதரர்கள் ஆனார்கள். அண்ணன் வீணையை நிமிர்த்தி, செங்குத்தாகப் பிடித்து வாசிப்பார். தம்பி எல்லோரும் வாசிப்பதுபோல் மடியில் கிடத்தி. ஒரே மேடையில் ஒரு வீணை நிற்கும், ஒரு வீணை படுத்திருக்கும். நினைத்துப் பாருங்கள், அதைப் பார்த்த புதுப்பெண் அறுபது வருஷமானாலும் மறப்பாளா?

இருவருக்கும் மிருதங்கம் வாசித்தவர் எங்கள் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. இதையும் சொல்லி வைக்கிறேன், விட்டால் அவரையும் காரைக்குடி ஆக்கிவிடுவீர்கள்.

கேட்பவர்கள் முக்கால்வாசி தாளம் போடத் தெரியாதவர்களாக இருந்தாலும் சரி, அந்தச் சகோதரர்கள் காலப்பிரமாணத்தை இம்மி நகர்த்தமாட்டார்கள் என்பது அந்த பாணியின் பேச்சு. எங்கே தொடங்கினார்களோ அதே நடையில் முடிப்பது. என் குருவின் குரு அந்த வழி. எனக்கு இன்னும் கைவரவில்லை, மூன்றாவது சரணத்தில் ஓடிவிடுவேன்.

கரோல்பாக் வாசி | ஞாயிறு, காலை 7.15

டெல்லியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு இப்போது தேவகோட்டையில் ஓய்வு. அகாடமி இருக்கும் ரவீந்திர பவனுக்கு எத்தனை தடவை போயிருப்பேன், கணக்கில்லை. முதலில் வரலாறு, திட்டங்களைப் பிறகு எழுதுகிறேன். காலையில் கோயிலுக்குப் போக வேண்டும்.

சங்கீத நாடக அகாடமியை அமைக்கும் தீர்மானத்தை மத்தியக் கல்வி அமைச்சகம் 1952 மே 31இல் வெளியிட்டது. அப்போது கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத். 1953 ஜனவரி 28 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். முதல் தலைவர் யார் தெரியுமா? நம் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி. ராஜமன்னார். தெலுங்கில் நாடகம் எழுதியவர். சாகித்திய அகாடமியும் லலித் கலா அகாடமியும் அதற்கு அடுத்த வருஷம், 1954இல் வந்தவை. அந்த வகையில் இதுதான் மூத்த பிள்ளை.

ஏன் தேவைப்பட்டது? சமஸ்தானங்கள் போய்விட்டன. மைசூர், குவாலியர், ராம்பூர் என்று ராஜாக்கள் வைத்துக் காப்பாற்றிய வித்வான்களுக்கு இனி யார் படியளப்பது என்ற கேள்வி வந்தது. அந்த இடத்தில் அரசாங்கம் உட்கார வேண்டியதாயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அகாடமி முதன்முதலில் இசைக்கு விருது கொடுத்தது 1952ஆம் ஆண்டுக்கு. நாலே பேர். இந்துஸ்தானியில் வாய்ப்பாட்டுக்கு முஷ்தாக் உசேன் கான், வாத்தியத்துக்கு அலாவுதீன் கான். கர்நாடக இசையில் வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், வாத்தியத்துக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். இந்தியா முழுவதற்கும் நாலு பேர், அதில் பாதி இந்த ஊர்ப் பெயரில்! அரியக்குடிக்கும் காரைக்குடிக்கும் நடுவே ஒரு ரயில் ஸ்டேஷன் தூரம்கூடக் கிடையாது. 1954இல் முதல் ஐந்து பேரை அகாடமியின் உறுப்பினர்களாக, அதாவது ரத்தினங்களாக, தேர்ந்தெடுத்தார்கள். அலாவுதீன் கான், ஹாபிஸ் அலி கான், பிருத்விராஜ் கபூர். மீதி இருவர் மறுபடியும் அரியக்குடியும் சாம்பசிவ ஐயரும்தான்.

குறுக்குக்கேள்வி | ஞாயிறு, காலை 9.02

இந்தப் புள்ளியை நாங்களும் மேடை தோறும் கேட்டாயிற்று ஐயா. முதல் நாலில் ரெண்டு. சரி. அப்புறம்? அரியக்குடி 1967இல் காலமானார். சாம்பசிவ ஐயர் கடைசிக் காலத்தில் இருந்தது சென்னை கலாக்ஷேத்திராவில், அதை நிறுவிய ருக்மிணி தேவி அழைத்துப் போய் அங்கே சொல்லிக்கொடுக்க வைத்தார். வித்தை அங்கே போயிற்று, பெயர் இங்கே நின்றது. இன்றைக்கு இந்தப் பெண்ணுக்கு வீணை சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை, பெங்களூரிலிருந்து போனில் ஸ்வரம் வருகிறது.

டெல்லி அகாடமி என்ன செய்தது என்று கேட்டால் தாமிரப் பட்டயம் கொடுத்தது. வித்வான் அறுபது வயதுக்கு மேல், எல்லாம் சாதித்த பிறகு, போய்ப் பொன்னாடை போர்த்துவதற்கு ஓர் அகாடமி எதற்கு? அது நம் ஊர்ச் சபாவே செய்யும்.

தவில்வீடு | ஞாயிறு, காலை 10.40

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வளவுவாசி அண்ணே, உங்கள் படத்தில் வீணை வரிக்கு மேலே ஒரு வரி இருக்கிறது. "நாயனம் 2 செட்டு, தவில் உள்பட". எல்லோரும் கீழ்வரியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த இரண்டு செட்டில் ஒரு செட்டு எங்கள் பாட்டனார் வீடாக இருக்க வாய்ப்பு உண்டு, அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வாசித்தவர்கள். வீணைக்கு "காரைக்குடி" என்று அடையாளம் எழுதியவர்கள் எங்களை எண்ணிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். செட்டு 2.

குறை சொல்லவில்லை. செட்டிநாட்டுக் கல்யாணம் எங்களுக்கு எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் என்று சொன்னால் இப்போதுள்ளவர்களுக்குப் புரியாது. முகப்பில் உட்கார்ந்து விடியக்காலை தொடங்கினால் மாலை வரை. பெண் அழைப்புக்கு ஒரு மாதிரி, சாப்பாட்டுப் பந்திக்கு ஒரு மாதிரி. ராத்திரி ஊர்வலத்தில் ஒரே ராகத்தை நாலு தெரு முழுக்க வாசிக்கலாம், யாரும் கையைக் காட்டி நிறுத்தமாட்டார்கள். என் அப்பா மோகனமும் தோடியும் வளர்க்கக் கற்றது அப்படித் தெருவில் நடந்துகொண்டேதான். குருவிடம் பாடம் ஒரு மணி நேரம், தெருவில் ஆறு மணி நேரம்.

இப்போது அதே முகப்பில் செண்டை மேளம் நிற்கிறது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்கு மட்டும் எங்களை வைத்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் ஸ்பீக்கர். சம்பளம் முழுதாகத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் வாத்தியத்தை உறையிலிருந்து நாலே தடவை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தது என்னவோ போல் இருந்தது.

அகாடமி பற்றி: நாகஸ்வரத்துக்கு முதல் விருது 1955இல், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு. வாய்ப்பாட்டு, வீணைக்குப் பிறகு மூன்று வருஷம் கழித்து. மூன்று வருஷம் பெரிய காலம் இல்லைதான். ஆனால் வரிசை வரிசைதானே.

வளவுவாசி | ஞாயிறு, காலை 11.05

தம்பி, மனசு கஷ்டமாகிவிட்டது. இன்று சாயங்காலம் ஏட்டில் மற்றப் பக்கங்களையும் பார்க்கிறேன். நாயனக்காரர் ஊர்ப் பெயராவது இருக்கிறதா என்று தேடிச் சொல்கிறேன்.

கானாடுகாத்தான் ஆச்சி | ஞாயிறு, பிற்பகல் 2.20

பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்கிறேன். ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். அகாடமி என்றால் நம்மில் பாதிப் பேர் சென்னை மியூசிக் அகாடமியை நினைக்கிறார்கள். அது வேறு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஒரு சங்கீத மாநாடு நடந்தது, அதிலிருந்து பிறந்தது. 1928 ஆகஸ்டில் சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கி வைத்தார். தனியார் அமைப்பு. சங்கீத கலாநிதி அவர்கள் கொடுப்பது. டெல்லி சமாசாரம் அதற்குக் கால் நூற்றாண்டு பின்னால் வந்தது, அரசாங்கத்தினுடையது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் எங்கள் ஊருக்குச் சொந்தமானது. எங்கள் ஊர்க்காரர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் 1929இல் இசைக்கல்லூரி வைத்தார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்று தீர்மானம். அதற்குப் பின்னால் ஊர் ஊராக மாநாடு, தேவகோட்டையிலும் நடந்தது. மியூசிக் அகாடமிக்காரர்கள் எதிர்த்தார்கள், இசைக்கு மொழி வேலி போடக் கூடாது என்பது அவர்கள் கட்சி. கல்கி இந்தப் பக்கம் நின்று எழுதித் தள்ளினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம், அந்த டிசம்பரிலேயே முதல் இசைவிழா. ராஜா 1948இல் காலமாகிவிட்டார். அவர் பெயரில் மன்றம் 1952இல் எழும்பியது. டெல்லி அகாடமிக்குத் தீர்மானம் போட்ட அதே வருஷம், கவனித்தீர்களா.

என் மாமனார் அந்த மாநாடுகளுக்குப் போய்வந்தவர். "தெலுங்குல பாடுனா மட்டும் தலை ஆட்டுவாக, அர்த்தம் கேட்டா தெரியாதும்பாக" என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் வீட்டில் கிராமபோனில் அவர் கேட்டதெல்லாம் தியாகராஜர்தான்.

தமிழ் இசைச் சங்கத்தில் விருதைவிடப் பெரிய வேலை ஒன்று நடந்தது, அதை யாரும் பேசுவதில்லை. 1949 முதல் வருஷா வருஷம் பண் ஆராய்ச்சிக் கூட்டம். ஓதுவார்களையும் வித்வான்களையும் ஒன்றாக உட்காரவைத்து, தேவாரத்தில் இந்தப் பண் இன்றைக்கு எந்த ராகம் என்று பாடிப் பாடிப் பார்த்தார்கள். குறுக்குக்கேள்வித் தம்பி, அகாடமி எதற்கு என்று கேட்டீர்களே, இதற்கு.

குறுக்குக்கேள்வி | ஞாயிறு, பிற்பகல் 2.48

ஆச்சி, இந்த விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பண் ஆராய்ச்சி பற்றி எனக்குத் தெரியாது. அரியக்குடி பற்றி மட்டும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். தமிழிசை என்று கட்சி கட்டாமலே, ஆண்டாள் திருப்பாவை முப்பதுக்கும் ராகம் போட்டு மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். மார்கழியில் நம் தெரு ஒலிபெருக்கியில் கேட்பது அநேகமாக அந்த மெட்டுதான். அருணாசலக் கவியின் ராம நாடகப் பாட்டுகளுக்கும் மெட்டு அவருடையது.

பேரேட்டுப்புலி | ஞாயிறு, பிற்பகல் 3.10

இடையில் ஒரு வேடிக்கை. கல்யாணக் கணக்கு என்றதும் என் மருமகன் கேட்டான், "மாமா, நம்ம கல்யாணத்துல இசைகுடிமானம் எழுதுறாகளே, அது பாட்டுக்காரகளுக்கான பத்திரமா?" இங்கே இசை என்றால் இசைவு, சம்மதம், அது கல்யாண ஒப்பந்தம் என்று விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

கரோல்பாக் வாசி | ஞாயிறு, மாலை 6.30

திட்டங்களைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். குறுக்குக்கேள்வி கேட்டது நியாயம்தான், ஆனால் பாதி நியாயம். அகாடமி கையில் இருப்பது விருது மட்டும் இல்லை. நாடகத்துக்குத் தேசிய நாடகப் பள்ளியை 1959இல் தொடங்கியது இவர்கள்தான். 1975இல் அது தனி அமைப்பாகப் பிரிந்தது. இம்பாலில் மணிப்புரி நடனத்துக்கு, டெல்லியில் கதக்குக்கு என்று இன்றும் நேரடியாகப் பள்ளி நடத்துகிறார்கள். திருவனந்தபுரத்தில் கூடியாட்டத்துக்கும் (கேரளத்துச் சமஸ்கிருத நாடகம்) குவாஹாட்டியில் சத்ரியாவுக்கும் (அசாம் நடனம்) மையங்கள் உண்டு. கூடியாட்டம் அழியாமல் நின்றதில் இதற்குப் பங்கு உண்டு என்பது என் கருத்து. பெரிய ஒலி, ஒளிப்பதிவுக் களஞ்சியம் இருக்கிறது. ஒரு தடவை அங்கே ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழைய பதிவு ஒன்று கேட்டுக்கொண்டிருந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. வாத்தியங்களுக்கு ஓர் அருங்காட்சியகமும் உண்டு. குரு சிஷ்ய முறையில் கற்பிக்க உதவித்தொகை, சிறு அமைப்புகளுக்கு மானியம் எல்லாம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில், அதிலும் நம் பக்கத்தில், நேரடியாக நடத்தும் பள்ளி என்று ஒன்றும் இல்லை. அந்த வருத்தத்தில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

விருது விவரம்: அகாடமி விருதுக்கு ஒரு லட்சம் ரூபாய், தாமிரப் பட்டயம், அங்கவஸ்திரம். ரத்தினம் எனும் உறுப்பினர் தகுதிக்கு மூன்று லட்சம், ஒரே சமயத்தில் உயிரோடு இருப்பவர்கள் நாற்பது பேரைத் தாண்டக் கூடாது. விருதுக்கு நாமே விண்ணப்பம் போட முடியாது, பரிந்துரை வர வேண்டும். நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு 2006இல் தொடங்கியது உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார், 25,000 ரூபாய். எழுபத்தைந்து தாண்டியும் தேசிய கௌரவம் எதுவும் கிடைக்காமல் விட்டுப்போன கலைஞர்கள் எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு 2023இல் ஒரே மேடையில் அம்ருத் விருது என்று கொடுத்தார்கள். விட்டுப்போயிற்று என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு முதல் இருவரோடு முடிந்துவிடவில்லை. குன்றக்குடியில் பிறந்த வயலின் குன்னக்குடி வைத்தியநாதனுக்கு 1993, மிருதங்கம் காரைக்குடி மணிக்கு 1998.

வளவுவாசி, உங்கள் பெண்ணுக்கு: அகாடமியில் நேரடியாக எதுவும் அமையாது என்றே நினைக்கிறேன். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் சி.சி.ஆர்.டி. என்றொரு மையம் இருக்கிறது. அவர்கள் சிறுவர் உதவித்தொகைக்குப் பத்து முதல் பதினான்கு வயது. இளங்கலைஞர் உதவித்தொகைக்குப் பதினெட்டு முதல் இருபத்தைந்து. மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம். உங்கள் பெண்ணுக்குப் பதினாறு! சரியாக இரண்டுக்கும் நடுவில் விழுகிறாள். ஆனால் அகில இந்திய வானொலியின் இசைப்போட்டிக்குப் பதினாறிலிருந்து இருபத்து நாலு வரை. அதற்கு இந்த வருஷமே எழுதிப் போடலாம். நடுவர் முன்னால் வாசித்த அனுபவமாவது மிஞ்சும்.

திருக்கோகர்ணத்துக்காரி | ஞாயிறு, மாலை 7.05

சிவகங்கையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறதே, யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷப் படிப்பு, கட்டணம் மிகக் குறைவு. ஆனால் இந்தப் பள்ளிகளில் வழக்கமாக உள்ள பாடங்கள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். வீணையைக் காணோம். வீணைக்கு அரசு இசைக்கல்லூரிக்குத்தான் போக வேண்டும், நமக்குக் கிட்டத்தில் மதுரை, இல்லாவிட்டால் திருவையாறு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு யோசியுங்கள்.

போட்டிக்கு அனுப்புவதானால் ஒன்று சொல்கிறேன். ராகம் வாசிப்பதைவிடத் தானத்தில், அதாவது தாளமில்லாமலே லயத்தோடு ராகத்தை விரிப்பதில், நேரம் போடச் சொல்லுங்கள். வீணைக்குத் தானம்தான் முகம். நான் போட்டிக்குப் போன காலத்தில் ஒரு கல்லூரி நடுவர் என் ஆலாபனை முழுக்கப் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். தானம் தொடங்கியதும்தான் நிமிர்ந்தார்.

தவில்வீடு | ஞாயிறு, இரவு 8.15

இசைப்பள்ளி பற்றி அக்கா சொன்னது சரி. என் தங்கை மகன் அப்படி ஒரு பள்ளியில்தான் தவில். மூன்று வருஷத்தில் கை வருமா என்றால் வராது, அடித்தளம் விழும். மீதிக்குத் தெரு வேண்டும். அந்தத் தெருதான் இப்போது இல்லை என்கிறேன்.

வளவுவாசி | ஞாயிறு, இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. சாயங்காலம் பட்டாலையில் ஏட்டை விரித்து மகளும் நானும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். கரையான் தூள் மூக்கில் ஏறி ஒரே தும்மல்.

தவில்வீட்டுத் தம்பிக்கு முதலில். நாயனத்தின் கீழே அடுத்த பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறது: "நாயனக்காரர் வேட்டி 6, துண்டு 6, ஊர்வலத்தில் வாசித்த தோடிக்குப் பெரியவர் உவந்து கொடுத்தது ரூபாய் 5". பெயர் எழுதவில்லை. ராகத்தின் பெயரை எழுதியிருக்கிறார்கள்! என் ஐயாவின் அப்பா ஐந்து ரூபாயைச் சும்மா எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்லை என்று கேள்வி.

வீணையா வாணமா என்பதற்கு: நாலாவது பக்கத்தில் "வாணம் பட்டாசு வகைக்கு" என்று தனி வரி இருக்கிறது, 40 ரூபாய். இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டிருக்கிறேன். பேரேட்டுப்புலி அண்ணன் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. "காரைக்குடி ஆள் 5, சாப்பாடு உள்ளூர் ஐயர் வீட்டில். வில்வண்டி 2, ஒன்றில் மெத்தை விரித்து".

பேரேட்டுப்புலி | ஞாயிறு, இரவு 10.20

பார்த்தேன். தோற்றுவிட்டேன். நாலாம் பக்கத்து "வாண"வில் ண வெறுமனே நிற்கிறது. முதல் பக்கத்தில் கரையான் ஓட்டைக்கு இடது பக்கம், எழுத்தின் தலைமேல் ஒரு சுழி எட்டிப் பார்க்கிறது, யானைத் துதிக்கை மாதிரி. அது பழைய ணை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ணை, லை, னை எல்லாம் அப்படித்தான் எழுதினோம், நானே பள்ளிக்கூடத்தில் எழுதியவன், எப்படிக் கோட்டைவிட்டேன் என்று தெரியவில்லை. வீணையேதான். மேலும் வாணத்துக்கு யாரும் மெத்தை விரித்து வண்டி அனுப்பமாட்டார்கள்.

அப்பத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

குறுக்குக்கேள்வி | ஞாயிறு, இரவு 10.26

வீணை சரி. சகோதரர்கள்தான் என்று எங்கே இருக்கிறது? காரைக்குடியில் வேறு வைணிகர்களே இல்லையா?

திருக்கோகர்ணத்துக்காரி | ஞாயிறு, இரவு 10.40

ஆள் 5 என்று இருக்கிறது. அண்ணன், தம்பி, மிருதங்கம், எடுபிடிக்கு இரண்டு பேர். நிச்சயமாகச் சொல்லமாட்டேன். அப்பத்தா வீணை நின்றதாகச் சொன்னாரா, படுத்திருந்ததாகச் சொன்னாரா?

வளவுவாசி | ஞாயிறு, இரவு 11.10

அதைக் கேட்க வேண்டும் என்று அப்போது யாருக்குத் தோன்றியது?

ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு சில்லறை வரி இருக்கிறது: "தந்தி சுருள் 2க்கு, 1 ரூபாய் 4 அணா". நான் ரங்கூனுக்கு அடித்த தந்தி என்றேன், அப்போது எங்கள் வீட்டில் மூன்று பேர் அங்கே கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்தார்கள். என் பெரியப்பச்சி போனில், "வெற்றிலைச் சுருளைச் சேர்த்து எழுதிட்டாகடா" என்கிறார். மகள் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் வீணைப் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் காகித உறையை எடுத்துவந்து ஏட்டின் மேல் வைத்தாள். போன வாரம் சாரணி அறுந்தபோது மதுரையிலிருந்து தபாலில் வரவழைத்த கம்பி, வட்டமாகச் சுருட்டி இருந்தது.

"தந்தி ஆபீசுல சுருள் விப்பாகளா அப்பச்சி?" என்கிறாள்.